யோசேப்பின் துபாசியும் நானும்

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரத்தில் எங்கள் தமிழ்ச் சபையில் மாதமொரு சனிக்கிழமை வேதவாசிப்பு நடக்கும். போன மாரியில் யோசேப்பின் கதையை வாசித்தோம். எகிப்துக்குத் தானியம் வாங்க வந்த அண்ணன்மாரோடு யோசேப்பு ஒரு துபாசியை வைத்துப் பேசினான் என்ற இடம் வந்ததும் பக்கத்தில் இருந்த சர்மிளா என் கையைத் தட்டி, "அன்ரி, இது உங்கட வேலைதானே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். துபாசி என்றால் மொழிபெயர்ப்பாளர். டேனிஷில் தொல்க் என்பார்கள். அந்த வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சர்மிளா இப்போது அதையே செய்கிறாள். அவள் வீட்டு மேசையில் இருந்தபடி திரையில் செய்கிறாள். நான் ஊர் ஊராகக் கார் ஓட்டிப் போய்ச் செய்தேன்.

சிரிப்பு அடங்கியதும் அவள் ஒரு நல்ல கேள்வி கேட்டாள். யோசேப்புக்கு அண்ணன்மாரின் பாஷை தெரியும். பிறகு எதற்கு நடுவில் ஒரு ஆள்?

தான் இன்னார் என்று காட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் என்று அந்த இடத்தில் சுருக்கமாகச் சொன்னேன். ஆனால் அப்படி நடுவில் இருந்த அனுபவம் எனக்கு ஒருமுறை வாய்த்தது. அதை முழுதாக எழுதலாமா என்று சம்பந்தப்பட்டவரிடமே கேட்டேன். "எழுதுங்க அக்கா, பேரை மட்டும் மாத்துங்க" என்றார். அண்ணனிடமும் தம்பியிடமும் கேட்டுச் சொன்னதும் அவர்தான். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நான் மட்டக்களப்பு டவுன் ஆள். எண்பதுகளின் நடுவில் டென்மார்க் வந்து ஹேர்னிங்கில் ஒரு தையல் தொழிற்சாலையில் சேர்ந்தேன். டேனிஷைப் பாதி மொழிப் பள்ளியிலும் மீதியைத் தையல் மெசின் சத்தத்துக்கு மேலால் கத்திக் கதைத்த பெண்களிடமும் படித்தேன். ஒருநாள் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற வந்த தமிழ்ப் பெண்ணுக்கு ஆள் தேவை என்று கூப்பிட்டார்கள். போனேன். பிறகு அடிக்கடி கூப்பிட்டார்கள். தொழிற்சாலை போலந்துக்குப் போனபோது எனக்கு இதுவே முழுநேர வேலையாயிற்று.

ஒரு குறுகிய பயிற்சியும் தந்தார்கள். சொன்னதையெல்லாம் சொல், சொல்லாததைச் சேர்க்காதே, அவர் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்று சொல், வெளியே வந்ததும் மறந்துவிடு. அவ்வளவுதான் பாடம். மறப்பதை இன்றுவரை எவரும் கற்றதாக எனக்குத் தெரியாது. 'நான்' என்று சொல்வதுதான் ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. மூல வருத்தக்காரரான ஒரு பெரியவருக்காக, "எனக்கு இருக்க முடியவில்லை, இரத்தம் போகிறது" என்று டேனிஷில் சொன்னேன். புது டாக்டர் ஒருவர் திரும்பி என்னை அனுதாபத்தோடு பார்த்தார். போகப்போகக் கூச்சம் விட்டுப்போனது. அடுத்தவரின் 'நான்' வாயில் வந்து போகும். நாக்கில் ஒட்டாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் வேலை பார்த்த டாக்டர்களில் சிறுநீரகப் பிரிவின் கியர்ஸ்டனைப் போல ஒருவரைக் காணவில்லை. எங்கள் யூட்லாந்துப் பகுதியின் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார். நெட்டையான பெண்மணி, நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருப்பார். கதிரைகளைத் தாதிமாரிடம் விடாமல் தானே இழுத்துப் போடுவார். நோயாளி தனக்கு நேரெதிரே. நான் நோயாளியின் தோளுக்குச் சற்றுப் பின்னால். அப்படி இருந்தால் இருவரும் ஒருவரையொருவர்தான் பார்க்க வேண்டிவரும். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டுவிட்டுத்தான் கதைக்கத் தொடங்குவார். என்னைப் பார்க்கவே மாட்டார். முதல் தடவை அதை அகங்காரம் என்று நினைத்தேன். பிறகுதான் அது நோயாளிக்குக் கொடுக்கிற மரியாதை என்று புரிந்தது.

ஒருமுறை ஒரு மனைவியிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் கணவனே பதில் சொன்னார். கியர்ஸ்டன் அவருக்கு நன்றி சொல்லிக் கதவைத் திறந்து வெளியே இருத்திவிட்டு வந்து, அதே கேள்விகளை அதே வரிசையில் முதலிலிருந்து கேட்டார். பதில்கள் வேறாக இருந்தன. கேள்வி கேட்டபின் பேசாமல் இருப்பார். நோயாளி ஏதாவது சொல்வார். அதற்குப் பிறகும் பேசாமல் இருப்பார். முதல் பதில் வீட்டிலேயே ஆயத்தம் செய்துகொண்டு வந்தது, அது தனக்கு வேண்டாம் என்று ஒருநாள் காரில் ஏறப்போகும்போது என்னிடம் சொன்னார். வேலைக்கு வெளியே அவர் என்னோடு கதைத்த சில வசனங்களில் அது ஒன்று.

2009 வசந்த காலத்தில் ஊரில் போர் முடிந்தது. அந்த மாதங்களில் என் வேலை எப்படி இருந்தது என்றால், எவருக்கும் எந்த வருத்தத்துக்கு வந்தோம் என்றே நினைவில்லை. மருந்தை மறந்தவர்கள், நித்திரை இல்லாதவர்கள், டாக்டர் கேட்பது காதில் விழாதவர்கள். எல்லோர் கையிலும் கைத்தொலைபேசி. வன்னியிலிருந்து ஒரு அழைப்பு வராதா என்று அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். தன் அறையில் தொலைபேசி கூடாது என்பது கியர்ஸ்டனின் சட்டம். அந்த வசந்தத்தில் மட்டும் தமிழர்கள் அதை மேசையில் வைத்திருக்க விட்டார். காரணம் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை.

அந்த வருடம் இலை உதிரத் தொடங்கிய நேரம் அவருடைய பிரிவிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. தமிழ், சிறுநீரக தானம், மூன்று பேர் என்றார்கள். போனால் அங்கே மோகன் இருந்தார்.

மோகனை எனக்கு முகம் தெரியும். பிராண்டேயில் காற்றாலைப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் வேலை. இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் டயலிசிஸ் மெசினில் இரத்தம் சுத்தம் செய்துகொண்டிருந்தார். நடைபாதையில் கண்டால் எனக்கு டேனிஷில்தான் வணக்கம் சொல்வார். யூட்லாந்து விவசாயி மாதிரி இழுத்துப் பேசும் சுத்தமான டேனிஷ். அவருக்கு என்னைப் போல ஒருவர் ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.

மற்ற இருவரில் ஒருவர் ரவி. மோகனின் தம்பி. மோகன் டென்மார்க் வந்து வேரூன்றியபின் கூப்பிட்டு எடுத்தவர். மற்றவர் குணம். ரவியின் பெரிய ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு கதிரையின் நுனியில் இருந்தார். வெயிலில் கறுத்த, வயலில் வேலை செய்கிற மனிதர். அந்தக் கிழமைதான் ஊரிலிருந்து வந்திருந்தார். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை ஆள். போர் முடிந்து பாதைகள் திறந்து, கொழும்புக்குப் போய்வர முடிந்ததும் விசா எடுத்திருக்கிறார்.

யார் யாருக்கு என்ன உறவு என்று கியர்ஸ்டன் கேட்டார். மோகன் டேனிஷில் பதில் சொன்னார். ரவி என் தம்பி. அந்த ஆள் என் அப்பாவின் முதல் மனைவியின் மகன்.

அதை அப்படியே தமிழில் குணத்துக்குச் சொன்னேன். குணம் தலையாட்டினார். "ஓம். மூத்த தாரத்து மகன் நான்" என்றார்.

அவரோடு நீங்கள் தமிழில் கதைப்பதில்லையா என்று கியர்ஸ்டன் மோகனைக் கேட்டார். இல்லை, அதற்குத்தான் தொல்க் வந்திருக்கிறார் என்றார் மோகன். அறையில் சொல்லப்படுவது எதையும் ஒளிக்க எனக்கு உரிமையில்லை. அதையும் குணத்துக்குச் சொன்னேன். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மோகன் தொடர்ந்து சொன்னார். ரவியின் சிறுநீரகம் எனக்குப் போதும். ரவி சம்மதித்துவிட்டான். அதையே எடுத்துக்கொள்கிறேன். இந்த ஆள் டென்மார்க்கைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகலாம்.

ரவி நிலத்தைப் பார்த்தார். நான் தமிழில் முடிக்கவும் குணம் நிமிர்ந்தார்.

"சின்னவன்ட வேணாம் எண்டு சொல்லுங்க தங்கச்சி. அவனுக்குப் பிள்ளை பிறந்து ரெண்டு மாசம். எண்டதை எடுக்கச் சொல்லுங்க. அதுக்குத்தான் வந்திரிக்கன்."

மோகனுக்கு நான் வாய் திறக்குமுன்னமே எல்லாம் விளங்கிவிட்டது. அவருடைய தாடை இறுகியதைப் பார்த்தேன். ஆனாலும் தமிழே தெரியாதவர் மாதிரி என் பக்கம் திரும்பி, டேனிஷ் வரும்வரை காத்திருந்தார். சொன்னேன். கேட்டுவிட்டு யன்னலைப் பார்த்தார்.

அந்த நிமிடத்தில்தான் எனக்கு யோசேப்பு நினைவுக்கு வந்தான். கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாக்கோபுக்கு இரண்டு மனைவியர், மறுமனையாட்டிகள் வேறு. இளைய மனைவியின் மூத்த மகன் யோசேப்பு. தகப்பன் அவனுக்கே அதிக செல்லம் கொடுத்ததைப் பொறுக்க முடியாமல், மற்றத் தாய்மாரின் பிள்ளைகளான அண்ணன்மார் அவனை வியாபாரிகளிடம் விற்றுவிட்டு, காட்டு மிருகம் தின்றுவிட்டதென்று தகப்பனை நம்பவைத்தார்கள். அவன் எகிப்தில் அதிபதியானான். பஞ்சத்தில் அதே அண்ணன்மார் வந்து அவன் முன்னால் நின்றார்கள். அவர்களுக்கு அவனைத் தெரியவில்லை. அவன் சொல்லவுமில்லை. தன் சொந்தத் தம்பி பென்யமீனைக் கூட்டிவரச் செய்து, தன்னுடைய வெள்ளிக் கிண்ணத்தை அவன் சாக்கிலே ஒளித்துவைத்து, திருடன் என்று பிடித்தான். இவன் எனக்கு அடிமையாக இருக்கட்டும், மற்றவர்கள் போகலாம் என்றான். இளையவளின் முதல் மகனைக் கைவிட்டவர்கள் இரண்டாவது மகனையும் கைவிடுவார்களா? அதுதான் சோதனை. அப்போது யூதா என்ற அண்ணன் முன்னால் வந்து, தம்பிக்குப் பதில் தன்னை அடிமையாக வைத்துக்கொள்ளும்படி கெஞ்சினான்.

சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் கேட்ட நாளிலிருந்து யோசேப்பின் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது. மன்னிக்கிறதென்றால் நேராக மன்னித்துவிட்டுப் போகலாமே. கிழட்டுத் தகப்பனையும் சேர்த்து ஏன் இப்படி அலைக்கழிக்க வேண்டும்? மோகனைப் பார்த்தபோதும் அதே கோபம்தான் வந்தது. யோசேப்பிடமாவது தானியம் இருந்தது. மோகனிடம் எதுவுமே இல்லை. தேவையில் இருந்தவரே அவர்தான். தன் உயிர் தொங்கிக்கொண்டிருக்கிற நேரத்திலும் வந்தவரை இப்படி அலைக்கழிக்கிறாரே என்று நினைத்தேன். என் நினைப்புக்கு அந்த அறையில் இடமில்லை.

தானம் கொடுக்க வருகிற ஒவ்வொருவரையும் கியர்ஸ்டன் தனியே இருத்திக் கதைப்பார். குணத்தோடான அந்தச் சந்திப்பு இன்னொரு நாள் நடந்தது. கதிரையை இழுத்துப் போட்டார். கடிகாரம் கோட்டுப் பைக்குள் போனது.

முதலில் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். உங்களுக்கு விருப்பமில்லை என்றால் என்னிடம் மட்டும் சொன்னால் போதும். நீங்கள் மருத்துவரீதியாகப் பொருத்தமில்லை என்று உங்கள் சகோதரருக்குச் சொல்வேன். அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். ஏன் என்று எவருக்கும் தெரியவராது.

குணம் அதை யோசித்தார். "டொக்டர்மார் அப்பிடிப் பொய் சொல்லுவாங்களா?" என்று கேட்டார்.

பொய் இல்லை, விருப்பமில்லாதவர் பொருத்தமில்லாதவர்தான் என்றார் கியர்ஸ்டன்.

பிறகு, மாட்டேன் என்று சொன்னால் உங்களுக்கு என்ன நடக்கும் என்று கேட்டார். ஒன்றும் நடக்காது, மோகன் தன்னோடு கதைப்பதில்லை, அப்படியே இருக்கும் என்றார் குணம். அப்படியானால் ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். தம்பிதானே என்றார் குணம். கியர்ஸ்டன் பேசாமல் இருந்தார். குணம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் பேசாமல் இருந்தேன். வெளியே தள்ளுவண்டி ஒன்று போய் மறைந்தது. அதன்பிறகுதான் அவர் சொல்லத் தொடங்கினார்.

1990இல் ஊரில் சுற்றிவளைப்பு. ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் வெயிலில் இருத்தினார்கள். உங்கள் வீட்டிலிருந்து இயக்கப் பெடியளுக்குச் சோற்றுப் பார்சல் போகிறது, கொண்டுபோகிறது யார் என்று சீருடைக்காரன் ஒருவன் கேட்டான். சொல்லாவிட்டால் வீட்டிலுள்ள எல்லோரையும் ஏற்றுவோம் என்றான். கொண்டுபோனது குணம். பக்கத்தில் இருந்தது மோகன், பதினேழு வயது. குணம் மோகனைக் கைகாட்டினார். மோகனை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு வருடம் கழித்து வெளியே வந்தவர் வீட்டுக்கு வராமலே நாட்டை விட்டுப் போனார். அவர்களாகவே மோகனைப் பிடித்துப்போனார்கள் என்று தகப்பனிடம் குணம் சொல்லியிருந்தார். தகப்பன் அதை நம்பியபடியே செத்துப்போனார்.

இதையெல்லாம் நான் டேனிஷில் 'நான்' என்றுதான் சொன்னேன். என் தம்பியை நான் கைகாட்டினேன். என் அப்பாவிடம் நான் பொய் சொன்னேன். அத்தனை வருட வேலையில் அந்த ஒரு நாள்தான் அடுத்தவரின் 'நான்' என் நாக்கில் ஒட்டியது.

"பயத்தில செய்தன் எண்டுதான் ரவிக்குச் சொன்னனான்" என்றார் குணம். "பயம் மட்டுமில்ல தங்கச்சி. அவனை டவுன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிப் படிப்பிச்சாரு அப்பா. எனக்கு மண்வெட்டி. கை நீட்டக்குள்ள அதுவும் மனசில இரிந்திச்சு."

நான் குற்றத்துக்கு அபராதமாகச் சிறுநீரகம் எடுப்பதில்லை, அப்படி நீங்கள் கட்ட வந்திருந்தால் என்னால் ஏற்க முடியாது என்றார் கியர்ஸ்டன்.

"அபராதமா?" என்றார் குணம். "அந்த ரெண்டு வருசத்துக்கு ஒரு கிட்னி காணுமா? அதெல்லாம் கட்டித் தீராது. அவன் உசிரோட இரிக்கணும். என்னோட கதைக்காட்டியும் பரவாயில்ல."

சரி, பரிசோதனைகளைத் தொடங்குவோம் என்றார் கியர்ஸ்டன்.

சில வாரங்கள் போயின. பிறகு கியர்ஸ்டன், குணம், நான் மூவருமாக அதே அறையில் சந்தித்தோம். கியர்ஸ்டன் படத்தைக் காட்டி விளக்கினார். குணத்தின் ஒரு சிறுநீரகம் பல வருடங்களுக்கு முன்னமே சுருங்கிப் போய்விட்டது. மற்றதுதான் இரண்டின் வேலையையும் செய்கிறது. இப்படியே கவனமாக இருந்தால் கடைசிவரை நன்றாக வாழலாம். ஆனால் கொடுக்க முடியாது.

குணம் படத்தை உற்றுப் பார்த்தார். எது நல்லது என்று கேட்டார். கியர்ஸ்டன் காட்டினார்.

"அப்ப அதை எடுத்து அவனுக்கு வைங்க" என்றார் குணம்.

எடுத்தால் நீங்கள் செத்துப்போவீர்கள், அல்லது உங்கள் தம்பியைப்போல மெசினில் இருக்க வேண்டிவரும் என்றார் கியர்ஸ்டன்.

"அவன் இரிக்கிற மெசினில நான் இரிக்கன். அவனுக்குப் பதிலா நான் இரிக்கன் எண்டு சொல்லுங்க தங்கச்சி. மாத்தி விடச் சொல்லுங்க."

நான் சொன்னேன். கியர்ஸ்டன் தன் கையை நீட்டிக் குணத்தின் முழங்கையைப் பிடித்தார். அதற்குமுன் கதைக்கிற நேரத்தில் அவர் ஒருவரைத் தொட்டு நான் கண்டதில்லை. முடியாது, ஒருவரைச் சுகமாக்க இன்னொருவரை நான் நோயாளியாக்க முடியாது என்றார். அதைத் தமிழில் சொன்னேன்.

முடிவை மோகனுக்கு அறிவிக்க அதே நாளில் அவரையும் உள்ளே கூப்பிட்டோம். ரவி அன்று வேலைக்குப் போயிருந்தார். கியர்ஸ்டன் தன் விதிப்படி ஒரு வசனம் மட்டும் சொன்னார். உங்கள் அண்ணன் மருத்துவரீதியாகப் பொருத்தமில்லை.

மோகன் சிரித்தார். இந்த வசனத்தின் அர்த்தம் எனக்குத் தெரியும் என்று டேனிஷில் சொன்னார். ரவியோடு தனியாகக் கதைத்தபோதும் இதைத்தானே சொன்னீர்கள், விருப்பமில்லை என்றால் பொருத்தமில்லை என்று சொல்லிவிடுவேன் என்று. ரவி வீட்டில் வந்து என்னிடம் சொன்னான். இந்த ஆள் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டார். இரண்டாவது தடவையும் என்னைக் கொடுத்துவிட்டுத் தான் தப்பிவிட்டார்.

அறையில் இருந்த மூன்று பேருக்கு உண்மை தெரியும். கியர்ஸ்டனின் வாயை விதி கட்டியிருந்தது; என் வாயையும்தான். விருப்பமில்லாதவரைக் காப்பாற்றுவதற்கென்று செய்த வசனம், உயிரையே கொடுக்க வந்தவரின் தலையில் விழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதைவிடக் கடினமான வேலையை நான் செய்ததில்லை. எனக்கு இருந்த ஒரே வேலை, மோகன் சொன்னதைக் குணத்துக்குச் சொல்வது. ஒரு சொல்லையும் மென்மையாக்காமல் சொன்னேன். மோகன் சொன்னது சரியாகக் குணத்திடம் போனால்தான் குணத்துக்கு அதற்குப் பதில் சொல்ல வழியுண்டு.

குணம் எழும்பி நின்றார். தான் தனியாகக் கதைத்தபோது சொன்ன எல்லாவற்றையும் மோகனுக்குச் சொல்லிவிடும்படி டாக்டரைக் கேட்டார். நிச்சயமாகவா என்று கியர்ஸ்டன் கேட்டார். ஓம் என்றார். எல்லாமா என்று கேட்டார். ஓம் என்றார். அப்படியானால் நீங்களே சொல்லலாமே என்றார் கியர்ஸ்டன்.

குணம் சொல்லத் தொடங்கினார். மைதானம், வெயில், சோற்றுப் பார்சல். அவர் ஒரு வசனம் சொல்லி நிறுத்துவார். நான் அதை டேனிஷில் மோகனுக்குச் சொல்வேன். மோகன் எல்லாவற்றையும் இரண்டு முறை கேட்டார். முதலில் அண்ணனின் வாயால் தமிழில், பிறகு என் வாயால் டேனிஷில். பார்சல் கொண்டுபோனது நான்தான் என்ற இடத்தில் அவர் கண்ணை மூடினார். அது அவருக்கு அதுவரை தெரியாது. எவனோ செய்ததற்குத் தன்னைக் காட்டிக் கொடுத்தார் என்றுதான் நினைத்திருந்தார். அப்பாவிடம் சொன்ன பொய் வந்தது. மண்வெட்டி வந்தது. பொறாமை வந்தது. கடைசியாகப் படத்தைப் பற்றி, சுருங்கிப் போன சிறுநீரகத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு, "நல்லதை எடுத்து அவனுக்கு வைங்க, நான் மெசினில இரிக்கன் எண்டு கேட்டன். அவங்க மாட்டன் எண்டுட்டாங்க" என்றார்.

நான் டேனிஷில் சொல்ல வாய் திறந்தேன். மோகன் கையை உயர்த்தினார்.

"வேணாம் அக்கா. எனக்கு விளங்கிச்சு" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் தமிழ் அது.

பிறகு கியர்ஸ்டனிடம் திரும்பி, தயவுசெய்து எங்களைக் கொஞ்ச நேரம் தனியே விடுங்கள், தொல்க் தேவையில்லை என்று டேனிஷில் கேட்டார். யோசேப்பும் தான் இன்னார் என்று அண்ணன்மாரிடம் சொல்லுமுன், இந்த இடத்தில்தான் மற்ற எல்லோரையும் வெளியே அனுப்பினான்.

நடைபாதைக்கு வந்து கதவைச் சாத்தினோம். உள்ளே மோகன் கத்தத் தொடங்கினார். சுத்தமான படுவான்கரைத் தமிழ். பத்தொன்பது வருடம் பிரிக்காமல் கட்டி வைத்திருந்த தமிழ். அவர் என்ன சொல்கிறார், நாங்கள் உள்ளே போக வேண்டுமா என்று கியர்ஸ்டன் கேட்டார். நான் வெளியே நிற்கிறேன், நடைபாதையில் மொழிபெயர்க்க எனக்கு அனுமதியில்லை என்றேன். அவர் என்னைப் பார்த்தார். நீங்கள் சொல்வது சரி என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றார். கத்தல் குறைந்தது. குணத்தின் குரலும் இடையிடையே கேட்டது. பிறகு யாரோ அழுகிற சத்தம். யாருடையது என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்.

பல நாள் கழித்து டயலிசிஸ் பகுதியில் மோகனைக் கண்டபோது, இனிமேல் ரவியின் சிறுநீரகத்தைத்தானா எடுக்கப் போகிறார் என்று கேட்டேன். வேலை நேரமில்லை, அதனால் கேட்கலாம் என்று பட்டது.

"ரவிட நான் எடுக்கிறதா இருக்கவேயில்லை அக்கா" என்றார். "அவன்ட பிள்ளையப் பார்த்த அண்டைக்கே அது முடிஞ்ச கதை. அவருக்கு முன்னால அப்பிடிச் சொன்னன். என்ன செய்வார் எண்டு பாக்கணும் போல இருந்திச்சு. முந்தி மாதிரி விட்டுட்டுப் போறாரா எண்டு."

பார்த்ததில் என்ன கண்டீர்கள் என்று கேட்கவில்லை. பக்கத்துக் கதிரையில் குணம் இருந்தார். விசா முடியும்வரை ஒவ்வொரு டயலிசிஸ் நாளும் ரவியின் ஜக்கெட்டோடு வந்து அங்கேயே இருந்தார். ஒருநாள் தோடம்பழம் உரித்துத் தம்பியின் வாயில் தீத்தப் போய்த் தாதியிடம் ஏச்சு வாங்கினார். சிறுநீரக நோயாளிக்கு அந்தப் பழம் கூடாது. அந்த ஏச்சை மோகனே அவருக்குத் தமிழில் சொன்னார். சொன்னது பாதி, சிரித்தது பாதி. நான் எட்ட நின்று பார்த்தேன்.

யோசேப்பின் மேல் இருந்த மனத்தாங்கல் அதன்பிறகு எனக்கு இல்லை. அந்தச் சோதனை அண்ணன்மாரைத் தண்டிப்பதற்கு என்றுதான் நினைத்திருந்தேன். யோசேப்பு இடையிடையே தனியறைக்குப் போய் அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான் என்று வேதத்தில் இருக்கிறது. சிறு பிள்ளையில் அந்த இடத்தைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். தன்னை விற்றவர்களோடு திரும்பவும் ஒரு வீட்டில் வாழ அவனுக்கு ஆசை இருந்திருக்கிறது. நம்பலாமா என்று தெரியாமல் இருந்திருக்கிறது. ஆசை இல்லாதவன் சோதித்துக்கொண்டிருக்க மாட்டான். தானியத்தைக் கொடுத்தோ கொடுக்காமலோ அனுப்பியிருப்பான்.

குணம் ஊருக்குப் போய்விட்டார். மோகன் இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் மெசினில் இருந்தார். பிறகு யாரென்று தெரியாத, இறந்துபோன ஒருவரின் சிறுநீரகம் கிடைத்தது. சத்திரசிகிச்சை முடிந்து மயக்கம் தெளிந்ததும், யாருக்கு அறிவிக்க வேண்டும் என்று தாதி கேட்டிருக்கிறார். ரவி வெளியே நிற்கிறான், அவனுக்குத் தெரியும், ஊரில் அண்ணனுக்குச் சொல்லுங்கள் என்றிருக்கிறார் மோகன். ரவியே சொல்லலாம்தான். ஆனால் டாக்டர் சொன்னால்தான் அண்ணன் நம்புவார் என்று அவர் பிடிவாதம் பிடித்ததால் கியர்ஸ்டன் என்னைக் கூப்பிட்டார்.

ஒலிபெருக்கியில் போட்டு மட்டக்களப்புக்கு அழைத்தோம். அங்கே பின்னேரம். பின்னால் மாடுகளின் சத்தம் கேட்டது. சத்திரசிகிச்சை நல்லபடியாக நடந்தது, இரத்த அழுத்தம் இவ்வளவு, இனிக் கவனிக்க வேண்டியவை இன்னின்னவை என்று கியர்ஸ்டன் ஒழுங்காகச் சொல்ல, நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். மறுபக்கத்தில் ஒரு சத்தமுமில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"அதெல்லாம் சரி தங்கச்சி" என்றார் குணம் கடைசியில். "தம்பிக்கு மூத்திரம் போகுதா?"

கேள்வியை டேனிஷில் கேட்டேன். கியர்ஸ்டன் முகம் மலர, போகிறது, மிக நன்றாகப் போகிறது என்றார்.

சொன்னேன். குணம் தொலைபேசியை வைக்காமல் யாரையோ கூப்பிட்டு அதை உரத்துச் சொல்வது கேட்டது. பிறகு இன்னொருவரிடம் சொன்னார். பிறகு வேலிக்கு அப்பால் நின்ற யாரிடமோ கத்திச் சொன்னார். என் தம்பிக்கு மூத்திரம் போகுதாம் என்று அந்த மனிதர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கியர்ஸ்டன் என்னைப் பார்த்து, இப்போது என்ன சொல்கிறார் என்று கேட்டார். இந்த முறை மொழிபெயர்த்தேன்.